இரவலாய்ப் போன கரை

எலுமிச்சம்புல் வாசனை அடித்த ஈரத்துவாயொன்றை இடுக்கியால் எடுத்து என் கையில் வைத்தார் ஜவ்பர் நானா. நீ நடத்திய ஹோட்டலில் நேற்று ஒரு கூட்டம். மாவட்டத்தின் பொருளாதாரத்தில் சேவைத்துறையின் இடம் பற்றிப் பேசுவதற்காக எங்கள் காரியாலயத்திலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். வாப்பாவின் கரைவலையில் முன்கயிறு பிடித்து இழுத்த அதே ஜவ்பர் நானா, வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சப்பாத்துமாக வாசலில் நின்றார்.

"முகத்தத் துடைச்சிக்கிங்க சேர்."

"என்ன நானா, எனக்குமா சேர்?"

"வாசல்ல எல்லாரும் சேர்தான். மெனேஜர் பாக்கிறாரு மகன், எடுங்க."

துடைத்துக்கொண்டேன். நீ மௌத்தாகி, உன்னை அடக்கி இரண்டு நோன்பு மாதம் கழிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. நேற்று வீட்டுக்கு வந்ததும் தோன்றியது.

நம் கரையிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்கள் நாம் இருவர்தான். இருவருக்கும் பொருளியல். விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து விவசாயம், கைத்தொழில், சேவை என்று மூன்றாக வெட்டிக் காட்டிய அன்று நான் அதைக் கொப்பியில் வரைந்துகொண்டேன். நீ அதை வேதம்போல் ஈமான் கொண்டாய். அறையில் உன் உம்மா அனுப்பிய கருவாட்டைப் பொரித்துத் தின்றபடியே சொல்வாய்: "மீன் புடிச்சிப் பணக்காரனான நாடு ஒண்டு காட்டு மச்சான்."

"நோர்வே."

"அவனுக்கு எண்ணெய் ஈக்கிது. நமக்கு என்ன ஈக்கிது? கடல், மணல், காத்து. அதத்தான் விக்கணும்."

அன்று சிரித்தேன். நீ விளையாட்டாகச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கம்பனியோடு வந்தாய். கரைக்குப் பின்னால் இருந்த தென்னங்காணியை அவர்கள் வாங்கிவிட்டார்கள். கரை எவருடைய உறுதிப் பத்திரத்திலும் இல்லை; ஆனால் வலைக்காரர் சம்மதம் இல்லாமல் அங்கே உட்கார ஒரு கதிரைகூடப் போட முடியாது. அசர் தொழுதுவிட்டு எல்லோரும் வாப்பா வலை வைக்கும் வாடியில் கூடினார்கள். நீ வலைக்குவியலின் மேல் உட்கார்ந்து கதைத்தாய்.

"கச்சான் காத்துக் காலத்துல கடல் கொந்தளிக்கிது. உங்கட வலையும் வாடிக்குள்ளதானே தூங்குது மாமா? அந்த மாசங்கள்லதான் அவங்க வாறாங்க, பெரிய பட்டத்தக் கட்டிக்கிட்டுத் தண்ணிக்கு மேல ஓட. வாடை தொடங்க முந்திப் போயிருவாங்க. கரை திரும்ப உங்கட கைக்கு வந்திரும்."

"வளந்த ஆம்புளைகள் பட்டம் விடவா பிளேன் ஏறி வாறாங்க?" என்று வாப்பா கேட்டார். வாடியே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

"முந்தல் ஊர்லயும் இப்புடித்தான் சொன்னாங்க, இறால் பண்ணை போட்டா எல்லாரும் முதலாளி எண்டு" என்றார் ஒருவர்.

"இறாலுக்கு நோய் வரும் காக்கா. வெள்ளைக்காரனுக்கு வராது."

நான் மட்டும்தான், எழுத்தில் வாங்குங்கள் வாப்பா என்றேன். வாப்பா எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பார்த்தார். "நம்மட புள்ளைக்கிட்டயா எழுத்து வாங்கச் சொல்ற? படிச்சிப்போட்டு வெக்கத்த விட்டுட்டு வந்தியா?"

நம் கரையின் முறை உனக்குத் தெரியாததல்ல. பல வலைகளை ஒரே கரையில் முறைவைத்து இழுப்போம். ஒரு வீட்டில் கலியாணம், நோய் வருத்தம் என்றால் மற்றவர் தன் முறையை இரவல் கொடுப்பார். வாங்கியவன் தானாகவே வந்து திருப்பித் தருவான். கொடுத்தவன் வாய் திறந்து கேட்பது அசிங்கம். கேட்டால், வாங்கியவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். உன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய வருடம் உன் வாப்பாவும் எங்களிடம் முறை இரவல் வாங்கினார். திருப்பியும் தந்தார்.

வாப்பா உனக்குக் கரையைக் கொடுத்தது அந்த மாதிரி. ஒரு முறையை இரவல் கொடுக்கும் மனதோடு.

கச்சான் அடங்கியது. வலை இழுக்கும் வாடைக் காலம் தொடங்கியது. கதிரைகள் எழும்பவில்லை. பட்டம் ஓட்டுகிறவர்களுக்கு வாடையும் நல்ல காற்றுத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் காற்றை வலைக்கு ஆகும், ஆகாது என்று மட்டுமே பிரித்துப் பார்த்தவர்கள். எங்களுக்குத் தொல்லை தராத காற்றை இன்னொருவன் விலைபேசுவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கும்.

வாப்பா வலையைச் செப்பனிட்டு, தோணிக்குக் கீல் பூசி வைத்துவிட்டு வாடி வாசலில் உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்போம் என்றேன். "அவன் வருவான்" என்றார். நீ வாடியைத் தாண்டிப் போகும்போது மோட்டார் சைக்கிளிலிருந்தே சலாம் சொன்னாய். அவர் பதில் சலாம் சொன்னார். அவ்வளவுதான். அந்த வாடை முழுவதும் அப்படியே போயிற்று, அடுத்ததும். வலையை எலி தின்றது. கயிறு இழுத்தவர்கள் ஒவ்வொருவராக உன்னிடம் வந்தார்கள்: ஒருவர் காவலுக்கு, ஒருவர் தோட்டத்துக்கு, ஜவ்பர் நானா துவாய்க்கு.

வெள்ளைக்காரனுக்கு வராது என்றாயே, அந்த நோயும் வந்தது. விமானங்கள் நின்றன. ஹோட்டலை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினாய். அவர்கள் திரும்பிப் போக வலை இல்லை. யாருமே வராத அந்த மாதங்களிலும் கதிரைகள் கரையிலேயே கிடந்தன. அப்போதாவது நீ வந்திருக்கலாம். உன்னை மன்னிக்க எனக்கிருந்த கடைசிச் சந்தர்ப்பம் அதுதான்.

ஹோட்டல் மறுபடி திறந்த பிறகு நீ சுகமில்லாமல் விழுந்தாய். ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜனாஸா தொழுகைக்கு முன் உன் தம்பி எழுந்து நின்று, வழமையாகக் கேட்பதைக் கேட்டான்: "எங்கட நானா ஆருக்காவது கடன் பொறுப்பா இருந்தா என்னட்டச் சொல்லுங்க. மனசு நோகச் செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க."

வாப்பா முதல் வரிசையில் இருந்தார். உன் தம்பியின் கண் அவரிடம்தான் போனது, அவனுக்கும் தெரியும். வாப்பா கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்ல மகன். தொழுவோம்" என்றார். அடுத்து அவன் என்னைப் பார்த்தான். நான் பள்ளிவாசல் தூணைப் பார்த்தேன்.

நேற்றைய கூட்டத்தில் என் முறை வந்தபோது, மாவட்டத்தில் சேவைத்துறையின் பங்கு வளர்ந்துகொண்டே போகிறது என்று நல்ல தமிழில் வாசித்தேன். கை தட்டினார்கள். அது பொய்யல்ல. வலை இழுத்தவன் துவாய் கொடுத்தால் விவசாயத்தில் ஒருவர் குறைந்து சேவையில் ஒருவர் கூடுவார். விவசாயம் என்ற துண்டுக்குள்தான் மீன்பிடியையும் போட்டிருக்கிறார்கள். உன் வட்டத்தில் பிழை இல்லை.

வாப்பா இருக்கிறார். கண் மங்கிவிட்டது, உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. மறுமையில் அவரைக் கண்டால் நீ பயப்படாமல் கிட்டப் போகலாம். உன்னிடம் அவர் எதுவும் கேட்கமாட்டார். என்னைக் கண்டால் மட்டும் ஒதுங்கிப் போ. நான் கேட்பேன். எனக்கு அந்த வெட்கம் இல்லை.