தாஷ்கண்ட் காசும் தாலின் காசும்

பாய்,

நேற்று உங்கள் மகள் ஓர் உறையோடு வந்தாள். "வாப்பாவுக்கு வந்திருக்கு மாமா. மௌத்தானது தெரியாம அனுப்பியிருக்காங்க. இன்னா எழுதியிருக்குனு பாருங்க" என்றாள். வாங்கும்போதே என் கட்டைவிரல் உறையை அழுத்திப் பார்த்தது. பிரித்தால் உள்ளே ஜார்ஜியாவின் புதுக் காசு. ஜிலேபி பிழிந்தது போன்ற எழுத்து. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அந்த விரலுக்குச் சந்தேகம் போகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் இந்த விரலுக்கு வேலை கொடுத்தவர் நீங்கள்தான். ஏரிக்கரையின் சின்ன அஞ்சலகத்தில் நான் போஸ்ட்மாஸ்டர். நீங்கள் கடைத்தெருவில் நைலான் வலைநூல் விற்றுக்கொண்டிருந்தீர்கள். மாஸ்கோவிலிருந்து வரும் தமிழ் வானொலிக்குக் கடிதம் போட்டுப் போட்டு, சோவியத் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பேனா நண்பர்களைச் சேர்த்துவைத்திருந்தீர்கள். அவர்கள் அட்டைக்குள் காசை ஒட்டி அனுப்புவார்கள். தபாலில் காசு வரக்கூடாது என்பது விதி. நான் கண்டும் காணாமல் இருந்தேன். என் மேசையிலேயே பிரித்துக் காட்டுவீர்கள். எப்போதும் அதே காசுதான்: உலக உருண்டை, அரிவாள், சுத்தியல், சுற்றிலும் கோதுமைக் கதிர். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, மேலே ஊர்ப்பெயர் எழுதுவீர்கள். தாஷ்கண்ட். தாலின். திபிலிசி.

"எல்லாம் ஒரே காசுதானே பாய், எதுக்கு இத்தினி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காசு ஒண்ணுதான் மாஸ்டர். ஊரு வேற, ஆளு வேற, பாஷை வேற."

அந்தப் பதில் எனக்குச் செரிக்கவில்லை. ஒரே காசை எவனாவது ஊர் ஊராகக் கேட்டு வாங்குவானா? ஏரிக்கு வடக்கே உள்ள தீவில் அப்போதுதான் ராக்கெட் விடத் தொடங்கியிருந்தார்கள். உங்கள் உறைகளின் முத்திரைத் தேதிகளைக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். ஒரு ராக்கெட் கிளம்பிய நான்காம் நாள் தாஷ்கண்டிலிருந்து உறை வந்தது. அது பல வாரங்களுக்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டிருக்கும். தபால்காரனான எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அன்று உங்களோடு டீ குடித்துவிட்டு வந்து, ராக்கெட் சேதி ரஷ்யாவுக்குப் போகிறது என்று போலீசுக்கு இடது கையால் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன்.

மெட்ராஸிலிருந்து சாதா உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். கடிதங்களையும் காசுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்றும் இல்லையென்று மறு மாதமே திருப்பிக் கொடுத்தார்கள். காகிதங்களையெல்லாம் பிரித்துப் போட்டு, காசு முழுவதையும் ஒரே துணிப்பையில் கொட்டியிருந்தார்கள். பையை என் மேசையில் கவிழ்த்தீர்கள். "எது தாஷ்கண்ட், எது தாலின்னு இனிமே அனுப்புனவனே வந்தாலும் சொல்ல முடியாது மாஸ்டர்." உங்கள் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு கேட்டீர்கள்: "யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான் மாஸ்டர். ஊர்த் தபாலெல்லாம் உங்க கை வழியாதானே போவுது? என் மச்சான் கையெழுத்துல கவர் எதுனா போச்சா?"

கடையில் பங்கு கேட்டு உங்கள் மனைவியின் தம்பி அந்த மாதம்தான் சண்டை போட்டிருந்தான். 'உன் ரஷ்யாக் காசு சங்கதிய சொல்ற எடத்துல சொல்றேன்' என்று தெருவில் நின்று கத்தியதை நானும் கேட்டிருந்தேன். இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"போயிருக்கலாம் பாய். நான் சரியா கவனிக்கலை" என்றேன்.

உங்கள் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் நடுச்சுவரில் இருந்த கதவை அந்த வாரமே செங்கல் வைத்து அடைத்தீர்கள். பல வருடம் கழித்து, மச்சானின் மகளுக்கு நிக்காஹ் நடந்த அன்று உங்கள் வீட்டுக்கு மணியார்டர் கொடுக்க வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பும் பேச்சும். உங்கள் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போடும்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பெரிய நாடு உடைந்து ஆளுக்கொரு காசு அடிக்கத் தொடங்கியதும் நீங்கள் மறுபடி சேர்க்க ஆரம்பித்தீர்கள். கஜகஸ்தான், எஸ்தோனியா, உஸ்பெகிஸ்தான். ஒவ்வொன்று வரும்போதும் என் வீடு தேடி வந்து காட்டினீர்கள். "இனிமே எவன் கலைச்சுப் போட்டாலும் ஊரு தெரிஞ்சிடும் மாஸ்டர்" என்று ஒருநாள் சிரித்தீர்கள். அந்த 'எவன்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். தெரிந்துதான் சொன்னீர்களா? எதற்காக என்னிடமே வந்து வந்து காட்டினீர்கள்? உங்கள் முகத்தை எத்தனையோ தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் உங்கள் மச்சானிடம் போனேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. "தம்பி, அந்தக் கடுதாசிய எழுதுனது நான்தான்" என்றேன்.

நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டான். "எங்கக்கா அனுப்பிச்சாளா உங்கள?"

"இல்ல தம்பி. சத்தியமா நான்தான். இடது கையால எழுதுனேன்."

"அவ அழுதிருப்பா. நீங்க மனசு கேக்காம, பழிய உங்க தலைல போட்டுகினு வந்துட்டீங்க. போஸ்டாபீஸ்காரரு எங்கனா மொட்டைக் கடுதாசி போடுவாரா? இன்னா சார் நீங்க." எனக்கு டீ சொன்னான். மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். கையமர்த்திவிட்டான்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் உள்ளே போவதைத் தெருமுனையில் நின்று பார்த்தேன். உள்ளிருந்து அழுகுரல் கேட்டது.

இப்போது நான் கடைத்தெருவில் நடந்தால் எழுந்து நிற்கிறார்கள். அடுத்தவர் பழியைச் சுமந்து ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தவர் என்கிறார்கள். உங்கள் மனைவி என்னை 'அண்ணே' என்கிறார். திரும்பப் போய் அழுத்திச் சொல்லப் பயமாக இருக்கிறது. சொன்னாலும் நம்பமாட்டார்கள். என்னைச் சந்தேகப்பட இந்த ஊரில் ஓர் ஆள்கூட மிச்சமில்லை, பாய்.