தராசைப் பிடித்தவளின் முகம்

ஜூன் 8, 1957. சனி

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடம் இல்லை. நேற்று வர்ணம் பூசிய இரண்டு தாளும் இன்னும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றில் புகைக்கறை. மற்றதில் மலைக்குப் போட்ட நீலம் ஓடிவந்து தொழிலாளர் லயத்துக் கூரைக்குள் இறங்கிவிட்டது. இந்த மாதத்தில் நீர்வர்ணத்தைத் தொடக்கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறேன். ஒவ்வொரு வருஷமும் தொடுகிறேன்.

ஆகவே மரக்கட்டை. உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை, இரண்டு சாண். குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த உளி பேனாக்கத்தியைவிட நன்றாக வெட்டுகிறது. பலகையின் மேல்தோல் இரண்டு இடத்தில் பெயர்ந்தது. சோற்றுப் பசை வைத்து ஒட்டினேன்.

வெட்டுவது, புதன்கிழமை பின்னேரம் பார்த்ததை. பள்ளிக்கூடத்துக்கு நேர் கீழே கொழுந்து மடுவம். தோட்டத்துப் பெண்கள் பறித்துக்கொண்டு வருகிற தேயிலையை நிறுக்கிற இடம். ஜன்னலைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். செல்லாயி தன் கூடையைத் தராசிலிருந்து இறக்கிவிட்டு வெறும் தராசைக் காட்டிக் கத்தினாள்.

"கூடயே இல்ல, முள்ளு எங்க நிக்குதுன்னு பாருங்கடி! பூச்சியத்துக்குக் கீழ நிக்குது! இத்தன நாளா நம்ம கொழுந்த யாரு தின்னது?"

கொக்கியிலிருந்து தராசைப் பிடுங்கிக் கீழே போட்டாள். பிறகு மூடுபனி, கம்பளி போர்த்திய எண்பது பெண்கள், கூச்சல். நிறுவை பதிகிற கணக்கப்பிள்ளை, யாரென்று தெரியவில்லை என்று தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டாராம். பயமோ, மனசோ. துரை தேடிக்கொண்டிருக்கிறார். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

தூக்கிய கையும் அதில் தராசும் முள்ளும் வந்துவிட்டன. முகம் நாளைக்கு.

வாங்க வேண்டியது: தாள், மண்ணெண்ணெய், அச்சு மை (போலிஷ் டப்பாவில் அடிமட்டம்தான் மிச்சம்), அம்மாவுக்குக் கடிதத் தாள். அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போய் இரண்டு மாதம். எழுதவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. முகம்.

வாய் திறந்தபடி. மேல் பல் லேசாக எடுப்பு. இடது காது: சின்ன வயதில் தண்டட்டி இழுத்துக் கிழிந்த மடல், இரண்டாகத் தொங்கும். அதை வெட்டாமல் விட்டிருக்கலாம். கம்பளி மறைத்தது என்று வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உளி ஒரு முறை சறுக்கியது, அந்தச் சறுக்கலே காதாகிவிட்டது. ஒரே வெட்டு. இனிமேல் நூறு வெட்டு வெட்டினாலும் அப்படி வராது.

மை தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். மூன்று பிரதி. முதல் இரண்டும் திட்டுத் திட்டு. மூன்றாவதை உரித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நான் செய்ததில் இதுதான் சிறந்தது.

பின்னேரம் வேலாயுதம் வந்தார், தோட்டத்துச் சங்கத் தலைவர், பள்ளிக்கூடத்துக்குக் கூரைத் தகரம் கேட்ட கடிதத்தோடு. காயப்போட்டிருந்ததைப் பார்த்தவர் கடிதத்தையே மறந்துவிட்டார்.

"டீச்சரம்மா, நாங்க பத்து நோட்டீஸ் எழுதினாலும் இப்பிடிச் சொல்ல முடியாதுங்க. இத நோட்டீசுல போடுவோம். பலகையக் குடுங்க, ஹட்டன்ல அடிச்சிட்டு வாறேன்."

கொடுத்தேன். பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தேன், பிள்ளையைக் கொடுப்பதுபோல.

ஜூன் 13, வியாழன்

நோட்டீஸ் வந்துவிட்டது. மஞ்சள் தாள். மேலே படம், கீழே "சரியான தராசு வேண்டும்". மாரியம்மன் கோயில் சுவரில், கடையில், தேயிலை ஆலைக்குப் போகிற வழியில், எங்கும்.

பள்ளிக்கு வந்த பிள்ளைகள் கையில்கூட. கடையில் யாரோ: "அட, நம்ம செல்லாயி! அந்தக் காதப் பாரேன், அச்சு அசல்!"

சந்தோஷம். மறைப்பானேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். மூன்று நாளாகச் சளி, அதுகூடத் தெரியவில்லை.

மூடுபனி விலகிய அரை மணி நேரத்தில் ஆலைப் புகைபோக்கி, சின்னத் தாளில். பச்சை அதிகம். பரவாயில்லை.

ஜூன் 17, திங்கள்

காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துவிட்டு, துரை மஞ்சள் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை நெடுக நடந்தாராம். ஒவ்வொரு முகமாக. செல்லாயி முன்னால் நின்று, தலைத்துண்டை விலக்கு என்றாராம். காதைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லயக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். அவளுக்குப் புருஷன் இல்லை. அந்தக் காம்பரா அவள் வேலைக்காகக் கொடுத்தது. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் என்னிடம் மூன்றாம் வகுப்பு. இன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை.

எண்பது பேர் பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

பள்ளி விட்டதும் போனேன். செல்லாயி வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. சட்டியிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"நான் நினைக்கலீங்க செல்லாயி, இப்பிடி ஆகும்னு."

"நெனச்சிருக்க மாட்டீங்க."

"துரைகிட்ட நான் போய்ப் பேசுறேன்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "டீச்சரம்மா, நா தராசப் புடுங்கினேன். ஆமா. அத எல்லாரும் பாத்தாங்க. காளியம்மா பாத்தா, எனக்கும் அவளுக்கும் பேச்சே கெடையாது, அவ சொல்லல. கணக்கப்புள்ள பாத்தாரு, அவருகூடச் சொல்லல. நீங்க மட்டுந்தான் சொல்லிட்டீங்க."

மறுபடியும் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? என் மூஞ்சி தான அது?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மரத்தைக் கேட்டா வரைகிறேன், மலையைக் கேட்டா வரைகிறேன். அவளையும் அப்படித்தான் வைத்திருந்திருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

மழை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரையைப் பார்ப்பதென்றால் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் மூலமாகத்தான். பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். கடுமையான மனிதர், தோட்டத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பேச்சு நின்றுவிடும். போன வருஷம் அவர் மனைவி இறந்த பிறகு, மங்கிப்போன ஒரு போட்டோவை வைத்து நீர்வர்ணத்தில் நான் வரைந்து கொடுத்த படம் முன்சுவரில் மாட்டியிருக்கிறது. அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர், வெகுநேரம் திரும்பவில்லை.

"துரைகிட்ட என்ன சொல்லப் போறீங்க டீச்சர்?"

"அது செல்லாயி இல்ல, கற்பனைன்னு."

"அந்தக் காது?"

"எனக்கு முகம் வரையத் தெரியாதுன்னு சொல்றேன். மலையும் மரமுந்தான் வருமுன்னு."

அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. ஒண்ணு சொல்றேன், உங்க வேலையும் தோட்டத்து வேலைதான். யோசிச்சு வாங்க."

ஜூன் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

ஆபீஸ். துரை மேசைமேல் மஞ்சள் நோட்டீஸ். "டீச்சர், இது யார்?"

"யாருமில்லீங்க துரை. பொதுவா ஒரு பொம்பள."

"காது?"

"பலகை அந்த இடத்துல பெயர்ந்துபோச்சுங்க. எனக்கு மூஞ்சி வரைய வராதுங்க."

துரை சிரித்தார். ஏதோ சொல்லி அனுப்பினார். கால் மணி நேரத்தில் செல்லாயியைக் கூட்டிவந்து வராந்தாவில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். என் முன்னால் தாளும் பென்சிலும்.

"இப்ப போடு. இவள் மூஞ்சி. நான் பார்க்கிறது."

எத்தனையோ தடவை மனசுக்குள் கேட்டிருக்கிறேன், இந்தப் பெண் எனக்காக ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் என்ன என்று. இன்றைக்கு உட்கார்ந்தாள். பக்கவாட்டிலிருந்து நல்ல வெளிச்சம். அசையவில்லை. கண் என் கையிலேயே.

கை தானாகச் சரியான இடத்துக்குப் போனது. கன்னத்து எலும்பு எங்கே திரும்புகிறதோ அங்கேயே போய் நின்றது. அதைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும். மூக்கை நீட்டினேன். கண்ணை ஒன்றுக்கொன்று தூரமாக்கினேன். காதை முழுசாகப் போட்டேன். ஆள் மாறினால் போதாது, தெரியாதவள் வரைந்ததுபோல் இருக்க வேண்டும். வியர்த்துவிட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் வரைந்ததில்லை.

துரை தாளை எடுத்துச் செல்லாயியிடம் காட்டினார். "இது நீயா?"

செல்லாயி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "யாருங்க தொர இது? மேல்லயத்துக் கெழவனுக்குச் சேல கட்டிவிட்ட மாதிரி இருக்கு."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பெரிய கிளாக்கர் பக்கம் நீட்டினார். "கிளாக்கர்? டீச்சருக்குப் படம் போடத் தெரியுமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மலை, மரம் போடுவாங்க சார். மனுஷ மூஞ்சி வராது." குரல் மாறவே இல்லை.

முடிந்தது என்று எழுந்தேன். துரை விடவில்லை. நோட்டீஸில் தராசின்மேல் விரலை வைத்தார்.

"பொம்பள கற்பனை. சரி. இந்தத் தராசு? முள்? அதுவும் கற்பனையா?"

வராந்தாவில் செல்லாயி. அவளை விட்டுவிட்டுத் தராசை மட்டும் நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

"ஆமாங்க," என்றேன்.

ஜூன் 22, சனி

செல்லாயிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. காம்பராவும். ஆனால் இங்கே இல்லை. மேற்பிரிவு மலையில், இரண்டு மைல் ஏற்றம். துரை முழுக்க நம்பவில்லை. நம்பாவிட்டாலும் கையில் ஆதாரம் இல்லை.

வேலாயுதம் வந்தார். படியில் நின்றபடியே:

"டீச்சரம்மா, துரை என்னா சொல்றாரு தெரியுங்களா? படம் போட்டவங்களே தராசு பொய்யின்னு சொல்லிட்டாங்களாம். எல்லா நோட்டீசும் கிழிச்சாச்சு. ஒரு பொம்பளையக் காப்பாத்த எண்பது பொம்பளைங்க கொழுந்த வித்துட்டீங்க."

பலகையைத் தொப்பென்று வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதே பழைய சேலை.

அந்த எண்பது பேரும் அவளைத்தானே காப்பாற்றினார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் வளைவு திரும்பிய பிறகுதான் தோன்றியது. சொல்லியிருந்தாலும் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. அதே தராசு, அதே கொக்கி. நேற்றும் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பெரிய கிளாக்கர் வீட்டைத் தாண்டிக் கடைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. முன்சுவரில் அந்தப் படம் இல்லை, ஆணி மட்டும்.

ஜூன் 24, திங்கள்

அடுப்பு எரியவில்லை, விறகு ஈரம். பலகையை எடுத்தேன். முகத்தைச் செதுக்கி எறிந்துவிடலாம் என்று உளியை வைத்தேன். முடியவில்லை. பெட்டிக்கடியில் தள்ளிவிட்டேன். அதுவும் சரியில்லை என்று தெரியும்.

வகுப்பில் செல்லாயியின் பெரியவள் கேட்டாள்: "டீச்சர், ஒங்களுக்குப் படம் வரையத் தெரியாதாமே?" பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். தெரியாது என்றேன். கரும்பலகையில் மாம்பழம் போட வேண்டிய பாடம். போடாமல் விட்டேன்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். இதில் எதையும் எழுதவில்லை.

சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. மருந்துக் காம்பராவில் சிவப்பு மருந்து கொடுத்தார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

பத்து நாளில் முதல் வெயில். சர்ச். கறிக்கு லீக்ஸ், கருவாடு. வாசலில் உட்கார்ந்து எதிர்மலைக்கு முதல் வர்ணம் பூசினேன், ஒரே இழுப்பில், மேலிருந்து கீழ். கண்ணெதிரே காய்ந்தது.

செல்லாயி வந்தாள். வெளுத்த சேலை, எண்ணெய் தடவிய தலை. கடைக்குப் போகிற வழியாம். கடை இந்தப் பக்கம் இல்லை. இந்த முறை அவளாகவே உட்கார்ந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன்.

"மேல்மலை எப்பிடி?"

"காலு வலிக்கிது. காத்து நல்லாருக்கு." ஒரு மிடறு. "அன்னிக்கு ஆபீசுல, கோடு ஒவ்வொண்ணும் தப்பாத்தான போட்டீங்க?"

"ஆமா."

"தெரிஞ்சிச்சு. கை ஒரு பக்கம் போவுது, நீங்க ஒரு பக்கம் இழுக்குறீங்க." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இப்பக் கேளுங்க."

"எதை?"

"அன்னிக்கிக் கேக்காதத."

தூரிகையைத் தண்ணீரில் போட்டேன். "செல்லாயி, உங்க முகத்த நான் வரையட்டுமா?"

அவள் கோப்பையைக் காலி பண்ணினாள். எதிர்மலையைப் பார்த்தாள், என் தாளைப் பார்த்தாள்.

"வேணாங்க டீச்சரம்மா."

சரி என்றேன்.

வெயில் நேராக அவள்மேல் விழுந்திருந்தது. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.