திருவிருந்துப் பாத்திரமும் என் எச்சிலும்

11-8-2025, திங்கள்

ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் புலம்பலாகிவிடும்.

1. எனக்கு வந்திருப்பது என்ன.
2. இனி நான் திருவிருந்துக்குப் போகலாமா.
3. தேவசிகாமணி அண்ணாச்சியைக் கடைசியில் வரச் சொன்னது சுகாதாரத்துக்காக மட்டுமே.

மூன்றாவதை ஏன் எழுதினேன்? யாரும் கேட்கவில்லையே.

13-8

முதலாவது. பார்க்கின்சன். டாக்டர் படம் காட்டினார். மூளைத்தண்டின் நரம்புச் செல்லுக்குள் சரியாக மடங்காத புரதம் திரண்டு உருண்டையாகக் கிடக்கிறது. நடுவில் இளஞ்சிவப்பு, சுற்றி வெளிறிய வளையம். வெந்த மீன்கண். படம் வேறு யாருடைய மூளையோ. ஆனால் எனக்குள்ளும் அதுதான். முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தினேன். தவளை அறுத்து ஒருநாளும் குமட்டியதில்லை. மத்தியானம் என் மனைவி இன்பமணி சாளை மீன்குழம்பு வைத்திருந்தாள். தட்டைத் தள்ளிவிட்டேன்.

17-8, ஞாயிறு

வாய் ஒழுகுவதற்கு எச்சில் அதிகம் ஊறுவது காரணமில்லை என்றார் டாக்டர். தானாக விழுங்குவது குறைந்துவிட்டதாம். இன்று வேதக்கோயிலில் பாட்டுப் புத்தகத்தின்மேல் நூலாக இறங்கியது. பக்கத்திலிருந்த எபனேசர் பைய நகர்ந்து உட்கார்ந்தான். நானும் நகர்ந்திருப்பேன். சீ.

29-8

இரண்டாவது. திருவிருந்தின் திராட்சை ரசத்துக்கு எங்கள் கோயிலில் ஒரே பாத்திரம். எல்லாரும் அதில்தான் வாய் வைக்கிறோம். இனி போகவில்லை என்றேன்.

“தேவசிகாமணி அண்ணாச்சி வந்தாகல்லா, துண்டால வாயைப் பொத்திக்கிட்டு? நீங்கதான கடைசில வரச் சொன்னீங்க. இப்ப நீங்க கடைசில போங்க.”

இன்பமணி குத்திச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

அவர் இறந்து எட்டு வருடமாகிறது. அவருக்கும் இதே நோய்தான். அப்போது நான் கோயிலை நடத்தும் சேகரக் கமிட்டியின் செயலாளர். கிருமி என்றேன். விலங்கியல் வாத்தியார் சொன்னால் யார் மறுப்பார்? இந்த நோய் தொற்றாது என்று எனக்குத் தெரியாதா?

தெரியும்.

6-9

நாளை திருவிருந்து. இரண்டு கைக்குட்டை எடுத்து வைத்தேன்.

7-9, ஞாயிறு

ஆண்களுக்குப் பின் பெண்களும் குடித்து எழுந்து போகும்வரை காத்திருந்து முழங்காலிட்டேன். பாத்திரம் பல்லில் இடித்தது. எச்சில் உள்ளே விழுந்திருக்கும் – பார்க்கப் பயம். அப்போது பக்கத்தில் ஒருத்தி முழங்காலிட்டாள். தேவசிகாமணியின் மகள் ரீபா. போதகர் ஐயர் பாத்திரத்தை அவளிடம் நீட்டினார். குடித்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், “பெண்களோடு போயிருக்கலாமே அம்மா?”

“அப்பாவுக்கு அடுத்து நாந்தான சார் குடிப்பேன். ஒத்தையில விடக் கூடாதுல்லா. பழகிட்டு.”

ஆறு வருடம் அவர் கடைசியில் வந்தார். ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் மூன்றாவதாக எழுதியது தவறு. அவரிடம் அதைச் சொன்ன மாதம் எனக்குச் சளி, மூக்கொழுகல். நான் நடுவில்தான் முழங்காலிட்டுக் குடித்தேன்.