எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வாரவங்க

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்குக் கோயில் மலரில் போட, இறந்துபோன நம் ஆட்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் பேனா பிடித்து எத்தனை வருஷமாகிறது என்று உனக்குத்தான் தெரியும். இன்று ஞாயிறு, கடலுக்குப் போகவில்லை. பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் பேரையும் பிள்ளையின் பேரையும் இதில் எழுதப் போவதில்லை. ஏனென்று படிக்கப் படிக்க உனக்கே தெரியும்.

பாப்பா ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன் உயரத்தைத் தாண்டியாயிற்று. நீ போன புதிதில் நான்தான் சடை பின்னிவிட்டேன். ஒன்று மேலே நிற்கும், ஒன்று கீழே தொங்கும். இப்போது அவளே பின்னிக்கொள்கிறாள். நல்லதாயிற்று.

கோயில் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்தவள் நீ. நான் வேண்டாம் என்றேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்றேன். இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கைவிட்டுத் தோல் உரித்த விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டி, "வீங்கித்தான கெடக்கு, பாருங்க" என்று சிரித்தாய். 

பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் நீதான் போனாய். நான் கடலில் இருப்பேன். நீ இறந்த பிறகு யாருமே போகவில்லை. பாப்பாவும் என்னை வரச் சொல்லவில்லை. தொழிலுக்குப் போகிற அப்பாவை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைக்கிறாள் போல, என்ன அறிவான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் நல்ல மனுஷி. பேச்சுப் போட்டிக்காகப் பள்ளி விட்ட பிறகும் இரண்டு வாரம் பாப்பாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பாப்பா இரண்டாம் பரிசு வாங்கி வந்தாள். அந்த டீச்சருக்கு ஏதாவது செய்யாமல் இருக்கலாமா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நல்ல மீன் பட்டால், பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவர் வீட்டுக்கு அதில் ஒன்று போக வேண்டும். நம் தெருவில் அப்படித்தானே? பாப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அங்கிருந்த டீச்சர் வீட்டுக்கு நீதானே பாறை மீன் கொண்டுபோனாய்? அவரும் வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டார்.

போன மாதம் எங்கள் வள்ளத்துக்கு நல்ல சீலா மீன் பட்டது. வள்ளத்துக்காரரிடம் கேட்டு ஒன்றை வாங்கினேன். குளித்து, நீ எடுத்துத் தந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, மீனை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்துக்கொண்டு பள்ளி விடும் நேரத்துக்குப் போய் நின்றேன். வாசலெல்லாம் கார். காவலாளி என் சட்டையைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றதும், யாரோ மீன்காரர் வந்திருக்கிறார் என்று உள்ளே சொல்லி அனுப்பினார்.

டீச்சர் வந்தார். பாப்பாவும் நாலைந்து பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். நான் சிரித்தேன். பாப்பா சிரிக்கவில்லை. உனக்குத் தெரியுமா இவங்களை என்று டீச்சர் அவளிடம் கேட்டார்.

"எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வாரவங்க மிஸ்."

வாரவன் என்று சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். பொய்யும் இல்லை. பதினாலு வருஷமாக நம் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறவன் வேறு யார்?

அவள் முகத்தைப் பார்த்தேன். உனக்குக் காய்ச்சல் முற்றிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நின்றபோது பார்த்த அதே முகம். அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"ஆமா டீச்சர். அவுக அப்பா குடுத்துவிட்டாக" என்றேன்.

தங்கள் வீட்டில் சைவம் என்று டீச்சர் சங்கடத்தோடு சொன்னார். பிறகு, "அவங்க அப்பாகிட்ட நான் சந்தோஷப்பட்டேன்னு சொல்லுங்க. கூட்டத்துக்குத்தான் ஒரு தடவகூட வரல. இந்தச் சனிக்கிழமை கட்டாயம் வரச் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

கோபம் வந்ததா என்று கேட்பாய். வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிள்ளை மேலா? டீச்சர் மேலா? வாயைத் திறந்து நானே சொன்னேனே, என் மேலா? அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு நடுவழியில் போய்விட்ட உன் மேலும் கொஞ்சம் வந்தது. மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மீனை வெட்டிக் குழம்பு வைத்தேன். பாப்பா வந்து சாப்பிட உட்கார்ந்தாள். அவளே சொன்னாள். சேர்ந்த முதல் வாரத்தில் உங்க அப்பா என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். கடலுக்குப் போகிறார் என்றிருக்கிறாள். கப்பலிலா என்று கேட்டதற்குத் தலையாட்டிவிட்டாள். அன்றைக்குப் பதினோரு வயதுப் பிள்ளை ஆட்டிய தலை. அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறது. கூட்டாளிகளின் பிறந்தநாளுக்கு ஹோட்டலுக்குக் கூப்பிட்டால் இவளுக்குக் காய்ச்சல். வீட்டுக்கு வருகிறோம் என்றால், வீட்டில் வேலை நடக்கிறது.

சீருடையைத் துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பாள். என்ன ஒரு சுத்தம் என்று நினைத்திருந்தேன். வலை வாடை ஏறிவிடக் கூடாதாம்.

நீ அந்தக் கூட்டங்களில் என்ன சொன்னாய்? என்னைப் பற்றி யாராவது கேட்டிருப்பார்களே? நீயும் கடலில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாயா? உயிரோடு இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்டால் சொல்ல மாட்டாய்.

சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா, சனிக்கிழம மாமா போகட்டுமா?" என்று கேட்டாள் பாப்பா. கேட்டுவிட்டு அழுதாள். துறைமுகம் பக்கம் ஆபீஸில் கணக்கு எழுதுகிறானே உன் தம்பி, அவனைத்தான் சொன்னாள். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல். போய் உண்மையைச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் வெட்கமில்லை. திங்கட்கிழமை அந்த வகுப்பில் போய் உட்காரப் போகிறது நான் இல்லையே.

உன் தம்பி கேட்டதும் கொதித்துவிட்டான். "மச்சான், நீங்க உசுரோட இருக்கும்போது நான் எதுக்குப் போகணும்? நாலு அறை விட்டா சரியாப்போகும்" என்றான். கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன்.

சனிக்கிழமை அவனை என் வண்டியில்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவன் உள்ளே போனான். நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். மதிப்பெண் அறிக்கையில் அப்பா என்று இருந்த இடத்துக்குக் கீழே, பாதுகாவலர் என்ற வரியில் அவன் கையெழுத்துப் போட்டானாம். அப்பா கடலில் இருக்கிறாரா என்று டீச்சர் கேட்க, ஆமாம் என்றானாம்.

கூட்டம் முடிந்து பாப்பா கூட்டாளிகளோடு வெளியே வந்தாள். பேசிக்கொண்டே வந்தவள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துவிட்டாள். பேச்சு நின்றது. கை பாதி தூக்கினாள். எனக்குக் காட்டத்தானா, இல்லை பையின் வாரைச் சரிசெய்யவா, தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் நிற்கவில்லை. அவள் முகத்தைத் திருப்புவதற்கு முன்னால் நான் திருப்பிக்கொண்டேன். பிள்ளைக்கு அந்த வேலையை வைக்கக் கூடாது என்று பட்டது.

அது சரியா தப்பா? யாரிடம் கேட்பேன்?

மறுநாள் பார்த்தால், என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். காய்ந்ததும் அதையும் தன் சீருடையோடு அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் படிப்பை நிறுத்த மாட்டேன், அந்தப் பள்ளிக்கூடத்தைவிட்டு எடுக்கவும் மாட்டேன். அவள் கூப்பிடாமல் அந்த வாசலில் போய் நிற்கவும் மாட்டேன். கூப்பிடுகிற அன்று எந்தக் கடலில் கிடந்தாலும் வந்து நிற்பேன். அதுவரைக்கும், நீ என்னைக் கூப்பிட்ட பேர் இந்தக் காகிதத்திலாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா