கொக்கி இல்லாத புரதம்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணா,

நலம் என்று எழுத ஆசைதான். பாப்பாவுக்கு இரண்டு வயதாகியும் தலை நிற்கவில்லை, வாரம் இரண்டு முறை வலிப்பு. நீ கேட்டபடி மூன்று பேர் ரத்தமும் உன் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டோம். நரம்பு கிடைக்காமல் பாப்பாவைப் படாத பாடு படுத்திவிட்டார்கள். மாமா என்றால் மட்டும் சிரிக்கிறாள், கள்ளி.

ஒன்றே ஒன்று சொல். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா? நீ வேண்டாமென்றால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

உன் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே, தலைக்கு மேல் வேலை. உயிரணுவின் சவ்வில் சில புரதங்கள் கொக்கி போட்டு நிற்கின்றன. அந்தக் கொக்கியை உயிரணுவே செய்கிறது. ஒரு கொழுப்பை எடுத்து, அதன்மேல் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கோத்து, கடைசியில் புரதத்தின் வாலை நறுக்கி அதில் மாட்டிவிடும். இருபதுக்கும் மேற்பட்ட கைகள் மாறும் வேலை. ஒரு கை சொதப்பினாலும் புரதம் நிற்காது. பாப்பாவுக்கு அதுதானோ என்று பார்க்கிறோம்.

ரத்தக் குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். எது யாருடையது என்று இன்னும் பிரிக்கவில்லை. அதனால் உன் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அண்ணன்

ஜூன் 2

அண்ணா,

எனக்கு இப்போது இரண்டு மாதம்! உன் கடிதத்தைப் படித்துவிட்டு இவர், "வேணாம்னா உங்க அண்ணன் சொல்லாம இருப்பாரா?" என்றார். அதோடு என் பயம் விட்டது. வாந்திதான் உயிரை எடுக்கிறது.

தங்கை

அடுத்த ஆண்டு, செப்டம்பர் 20

ஆய்வாளருக்கு,

சின்னவனுக்கு எட்டு மாதம். அவனுக்கும் வலிப்பு வந்துவிட்டது. எங்கள் மருத்துவர் உன் கட்டுரையை எடுத்து வாசித்துக் காட்டினார். பாவம், நீ யாரென்று அவருக்குத் தெரியாது. அதில் மூன்றாவது குடும்பம் நாங்கள்தான், இரண்டு வயதுப் பெண் குழந்தை. தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. எண்கள் பிரிக்கப்பட்ட நாள் போன வருடம் பிப்ரவரி 11.

பிப்ரவரி, அண்ணா. நீ எனக்கு எழுதியது மார்ச்சில்.

அச்சாகும் முன் வெளியே தெரிந்தால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயந்தாயா? நான் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன், அடுப்பிடமா? இவனைப் பெற்றது தப்பு என்று எழுத என் கை வராது. ஆனால் தெரிந்தே பெறுவதா வேண்டாமா என்று நானல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்? அதைப் பிடுங்கிக்கொள்ள நீ யார்?

சின்னவனின் ரத்தம் கேட்டு உன் அலுவலகக் கடிதம் வந்தது. அனுப்பிவிட்டேன். வேறொரு தாய்க்காவது உதவட்டும். அண்ணனாக நீயே வந்து கேட்டிருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

இரண்டு பிள்ளைகளின் தாய்