கதிரன் கண்டுபிடிக்காத ஆள்

என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுதும்போதும் கை அதற்குப் போகவில்லை. ஊரவர் உங்களைச் சிவத்தண்ணை என்றார்கள். புத்தக அட்டைகளில் உங்கள் முழுப்பெயரும் இருக்கிறது. எனக்கு நீங்கள் இஞ்சாருங்கோதான்.

நெடுந்தீவில் சோளகக் காற்று அடங்கிவிட்டது. கடல் இப்போது தகடு மாதிரிக் கிடக்கிறது. நீங்கள் போன அன்று இப்படி இருந்திருக்கக் கூடாதா? மேற்குப் பக்க மதிலில் சரிந்த கற்களை ஆள் பிடித்து அடுக்குவித்துவிட்டேன், இனி மாடுகள் வளவுக்குள் வராது. மகன் லண்டனிலிருந்து அடிக்கடி போன் எடுத்து, "அம்மா, இஞ்ச வர பிளேன் ரிக்கெற் போடட்டோ?" என்று கேட்கிறான். பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லண்டனில் இருந்த காலம் முழுக்க நீங்கள் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், இருட்டியபின் வந்தீர்கள். அரசாங்க வேலை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டால், "வாசிக்கிறது" என்பீர்கள். என்னத்தை வாசிக்கிறது என்றால், "வாறதெல்லாத்தையும்." அதோடு பேச்சு முடிந்துவிடும். சாப்பாட்டு மேசையில் நானும் மகனும் கதைப்போம், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இவருக்கு எங்களோடு கதைக்க ஒன்றுமே இல்லையா என்று நான் எத்தனை நாள் யோசித்திருப்பேன், தெரியுமா?

ஓய்வு பெற்ற கிழமைதான் குசினிக்குள் வந்து நின்று சொன்னீர்கள். "இஞ்சேரும், நான் உளவுப்பிரிவிலதான் இருந்தனான். எந்தக் கப்பல் எங்கையிருந்து வருது, அதில என்ன இருக்கலாம் எண்டு, வாற தகவல்களை வைச்சு எழுதிக் குடுக்கிறது. அவ்வளவுதான்."

நான் பருப்பைக் கிண்டிக்கொண்டே, "சுடத் துவக்கும் தந்தவையோ?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி சட்டிக்குள் விழப் பார்த்தது. பிறகு முகம் மாறி, "எங்கட நாட்டுப் பக்கத்துத் தகவல் ஒண்டும் எனக்குத் தரேல்ல. நானும் கேக்கேல்ல" என்றீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை உங்கள் குரலில்தான் அறிந்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் என் வாழ்க்கையில் மிக நல்ல காலம் தொடங்கியது. நீங்கள் துப்பறியும் கதை எழுதத் தொடங்கினீர்கள். ஒல்லாந்தர் காலத்து நெடுந்தீவு, அவர்களுடைய குதிரை லாயம், அதில் வேலை செய்யும் கதிரன். குளம்படியைப் பார்த்தே எந்தக் குதிரை, அதில் ஏறிப் போனவன் யார் என்று சொல்லிவிடுகிற கதிரன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வுக் கதிரையை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டு, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். "ஆர் கொன்றது எண்டு சொல்லும் பாப்பம்" என்பீர்கள். நான் பிழையான ஆளைச் சொன்னால் உங்களுக்கு அவ்வளவு சந்தோசம். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அந்த மரத்தடியில்தான் எனக்குத் தந்தீர்கள்.

நாலாவது புத்தகத்தின் பின் அட்டையில் பதிப்பகக்காரர் உங்கள் பழைய வேலையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். புத்தகத்தை யாரும் வாசித்தார்களோ இல்லையோ, அந்த வரியை ஊர் முழுக்க வாசித்தது. நீங்கள் கடைக்குப் போனால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிடுவார்கள். கோயில் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்புவதும் நின்றது. நீங்கள் யாரிடமும் விளக்கம் சொல்லப் போகவில்லை. "பயப்பிட அவையளுக்குக் காரணம் இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

எல்லோரும் ஒதுங்கிய அந்த நேரத்தில்தான் மலர் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். இரண்டு வளவு தள்ளி இருக்கிறவள், அதுவரை எங்களோடு பெரிதாகப் பழகாதவள். அவளுடைய மனுசன் ராசன் சண்டைக் காலத்தில் வள்ளத்து எஞ்சினுக்குச் சாமான் வாங்க ஊர்காவற்றுறைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அவள் போகாத அலுவலகம் இல்லை, கேட்காத ஆள் இல்லை.

"அண்ணை, நீங்கள் அந்த வேலை செய்தனீங்களாம். என்ர மனுசன் எங்கையெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

"பிள்ளை, நான் ஏதோ ஒரு நாட்டில இருந்து கப்பலுகளைப் பற்றி வாசிச்சனான். எனக்கு இதொண்டும் தெரியாது."

"கதையில கண்டுபிடிக்கிறியள்தானே?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எழுதுவது நின்றது. காலை வள்ளத்தில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஊர்காவற்றுறை, வேலணை என்று திரிந்தீர்கள். அந்த நாளில் அங்கே இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பிடித்தீர்கள். சிலர் கதைத்தார்கள், சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். வெயிலில் கறுத்துப் போய் வருவீர்கள். இஞ்சித் தேத்தண்ணி தந்தால் ஆறவிட்டுவிட்டுக் கையில் வைத்துக்கொண்டே இருப்பீர்கள். ராசன் பஸ்ஸுக்கு நின்றதைக் கண்டவர் ஒருவர் இருந்தார். பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. எத்தனை மாதம் அலைந்தும் அதற்கு மேல் ஓரடி போக முடியவில்லை.

ஒரு நாள் பின்னேரம் மலரைக் கூப்பிட்டு இருத்தினீர்கள். தெரிந்ததைத் தனியாகச் சொன்னீர்கள், தெரியாததைத் தனியாகச் சொன்னீர்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறியள் அண்ணை?" என்றாள்.

"ராசன் உயிரோட இல்லையெண்டுதான் நினைக்கிறன், பிள்ளை. தெரியும் எண்டு சொல்லேல்ல. நினைக்கிறன்."

மலர் எழும்பினாள். "இதைச் சொல்லவோ இவ்வளவு நாளும் திரிஞ்சனீங்கள்? இதை எனக்குச் சொல்லக் கனபேர் இருக்கினம்." படலையைச் சாத்தாமலே போய்விட்டாள்.

கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாமே என்று உங்களைக் கேட்டேன். "அவளுக்குப் பொய் சொன்ன ஆக்கள் போதும். நானும் சொல்ல ஏலாது" என்றீர்கள். அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை.

அதன் பிறகு மலர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வழியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நீங்கள் ஐந்தாவது புத்தகத்தை எழுதினீர்கள். அதில் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு போன தோணிக்காரன் ஒருவன் காணாமல் போகிறான். கதிரன் தீவு தீவாகத் தேடுகிறான். கடைசிப் பக்கத்தில் தோணிக்காரனின் மனைவி பார்வதியின் வாசலில் வந்து நின்று, "தேடினேன், எங்கே என்று தெரியவில்லை" என்கிறான். அதோடு புத்தகம் முடிகிறது.

பதிப்பகக்காரர் போனில் சத்தம் போட்டது எனக்குக் குசினி வரை கேட்டது. "ஐயா, வாசகர் ஏமாந்து போவினம்!"

"காணாமல் போன ஆள் கடைசிப் பக்கத்தில வந்து நிக்கவேணும் எண்டு ஆர் சொன்னது?" என்றீர்கள். நீங்கள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். அந்தப் புத்தகம் மற்றவற்றைப் போல விற்கவில்லை.

நீங்கள் போன அந்தக் காலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். எவ்வளவு உங்களுக்கு நினைவில் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். காலை வள்ளம் அதற்குள் போய்விட்டது. சோளகம் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் நான் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றபோது, மலர் தன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "எஞ்சினை எடு. சிவத்தண்ணையைக் கொண்டுபோகவேணும்" என்றாள். கடலைப் பார் என்றான் அவன். "நான் வாறன். நீ எடு" என்று அவள்தான் முதலில் வள்ளத்தில் ஏறினாள்.

உங்கள் தலை அவளுடைய மடியில் இருந்தது. நான் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அலை தண்ணீரை வாரி எங்கள் மேல் அடித்தது. அவள் தன் சேலைத் தலைப்பால் உங்கள் முகத்தை மறைத்துப் பிடித்தாள்.

நீங்கள் கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்தீர்கள். "பிள்ளை... நான் சொன்னது பிழையா இருக்கலாம்."

"பிழையாவே இருக்கட்டும், அண்ணை. இப்ப கதையாதேங்கோ."

அதற்குப் பிறகு நீங்கள் கதைக்கவில்லை. குறிகட்டுவான் கரை தெரியத் தொடங்கியபோது மலர் தன் தம்பியைப் பார்த்து, எஞ்சினை மெதுவாக்கச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகன் வந்து கொள்ளி வைத்தான். கடையில் உங்களைக் கண்டு பேச்சை நிறுத்தியவர்களும் வந்தார்கள், பந்தலும் போட்டார்கள், பாடையும் தூக்கினார்கள். அது உங்களுக்காகவா, மலர் உங்களை வள்ளத்தில் கொண்டுபோனதற்காகவா என்று நான் ஆராயவில்லை. அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக்குப் போனபோது மலரும் கூட வந்தாள். ராசனுக்கும் சேர்த்து ஏதும் செய்யப்போகிறாளோ என்று நினைத்தேன். அவள் தீர்த்தக் கேணிப் படிக்கட்டின் மேலேயே நின்றாள், காலைக்கூட நனைக்கவில்லை.

"நான் அண்ணைக்காக வந்தனான், அக்கா. அவருக்கு இது வேண்டாம்" என்றாள். அவர் என்று அவள் சொன்னது ராசனை.

திரும்பி வரும்போது வள்ளத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு எந்த இடத்திலயெண்டு தெரியும், அக்கா. இந்தக் கடலுக்குள்ள இந்த இடத்திலதான் எண்டு கைகாட்டலாம்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு கடலைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் இல்லாத துக்கத்தில் ஒரு கொடுப்பினையும் இருக்கிறது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

இப்போது பின்னேரங்களில் மலர் வருகிறாள். "அந்தப் புத்தகத்தை வாசியுங்கோ, அக்கா" என்று அவளாகத்தான் கேட்டாள். எதை என்று நான் கேட்கவில்லை. நாளுக்குக் கொஞ்சமாக வாசித்தேன். கதிரனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பார்வதி கூழ் காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருக்கிற இடத்தில், "இரண்டு பேருக்குத்தான் காய்ச்சியிருப்பாள்" என்றாள். நீங்கள் அப்படி எழுதவில்லை. எழுதியிருக்கவேண்டும்.

போன கிழமை கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். வாசித்துவிட்டு மூடினேன்.

"பேந்து என்ன நடந்தது?" என்றாள்.

"பேந்து ஒண்டும் இல்லை, மலர். அவ்வளவுதான் எழுதினவர்."

"கதிரன் போயிட்டான். சரி. அவள் அடுத்த நாள் என்ன செய்தவளாம்?"

கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் திறந்து பார்த்தேன். உங்களிடம் பதில் இருந்ததா? இருந்தால் ஏன் எனக்கு வாசித்துக் காட்டவில்லை?

மலர் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினாள். அடுத்த நாள் பார்வதி முற்றம் கூட்டியிருப்பாளாம். மாமியார் எழும்ப முன்னம் அழுது முடித்திருப்பாளாம். ஊர்ச்சனம் பார்த்த பார்வையில் பொட்டு வைக்கவும் பயந்து, வைக்காமல் விடவும் பயந்து, கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றிருப்பாளாம். நான் உங்கள் பேனையை எடுத்து எழுதிக்கொண்டேன். என் எழுத்து கோணலாக இருக்கிறது. அவள் நிறுத்தும்போது நானும் நிறுத்துகிறேன். நேற்று அவள் சொன்னதில் பார்வதிக்கு இரண்டாவது மாரிமழை தொடங்கியிருக்கிறது, கூரைக்கு ஓலை மாற்றவேண்டும்.

மகனிடம் இன்றைக்குச் சொல்லிவிடுவேன், ரிக்கெற் இப்போதைக்கு வேண்டாம் என்று. எனக்கு உங்களைப் போல எழுத வராது. அவள் சொல்வதை மட்டும் எழுதுவேன். ராசன் வந்துவிட்டான் என்றோ, வரமாட்டான் என்றோ நானாக ஒரு வரியும் போடமாட்டேன். அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

படலைச் சத்தம் கேட்கிறது. மலர் வந்துவிட்டாள்.

என்றும்,
உங்கட மனுசி