நம் லைனுக்கு நடுவே ஒரு சுவர்

அக்கா,

வேலை விட்டு வந்து இன்று வாசலில் கால் வைத்ததும் ஈரச் சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறியது. நம் லைன் வீடுகளின் நடுவாசலில் ஓனர் சுவர் எழுப்புகிறார். நம் வரிசைக்கும் எதிர் வரிசைக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே. எதிர் வரிசையில் வடக்கத்திக் குடும்பங்கள்தானே, அவர்களுக்கு இனிமேல் பின்தெருவில் வழியாம், குழாயும் தனியாம். வந்த ஆத்திரத்தில் முதலில் உங்களைத்தான் திட்டினேன். செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர் நீங்கள். வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். மற்ற எல்லோரும் ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள், வீட்டுக்கு ஒரே சாவி. அதனால் லைனில் இருந்த சாவியெல்லாம் உங்கள் கதவோரத்து ஆணிகளில்தான் தொங்கும். குடிவந்த புதிதில் நான் சாவியை வாங்கியதும் திரும்பி நடந்தேன். "ஏட்டி, நில்லு. சாவிய புடுங்கிட்டு ஓடுத? அடுப்புல பாலா வச்சிருக்க?" என்றீர்கள். நாங்கள் சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற ஊர்க்காரர்கள். என்னைப் போய் 'ஏட்டி'! கொஞ்ச நாள் உங்களோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

உங்கள் தந்திரம் அப்புறம்தான் புரிந்தது. யாரோடு யார் பேசவில்லையோ, அவர்களிடமே சாவியைக் கொடுத்து வைப்பீர்கள். குழாயடியில் பக்கத்து வீட்டுக் கோமதியோடு நான் கத்திச் சண்டை போட்ட அன்று, "ஒன் சாவி கோமதிகிட்ட இருக்கு. நான் கடைக்குப் போனேம்லா, அதான்" என்றீர்கள். எந்தக் கடைக்கும் நீங்கள் போகவில்லை. மடி நிறையப் பிசிறு கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "உள்ள வந்து உக்காருங்க, காப்பி வெக்கறனுங்க" என்றாள். சண்டை அதோடு முடிந்தது.

ஒடிசாவிலிருந்து சபிதாவும் அவள் புருஷனும் எதிர் வரிசைக்கு வந்த வாரமே என் சாவி அவளிடம் போய்விட்டது. "அந்தப் பாஷை எனக்குத் தெரியாதுங்கக்கா!" என்று கத்தினேன். "சாவி வாங்க பாஷை எதுக்குட்டி?" என்றீர்கள். அவள் கதவைத் தட்டி, பூட்டைத் திறப்பதுபோலக் கையை ஆட்டிக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் தமிழ் பேசக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. காரியம் முடிந்ததும் ஆளாளுக்கு இன்னொரு சாவி செய்துகொண்டோம். அவ்வளவுதான்.

சுவரைத் தடுக்க ஓனரிடம் பேசலாம், வாருங்கள் என்று போன வாரம் நம் வரிசையில் வீடு வீடாகக் கேட்டேன். ஒருத்திக்கு ஓவர்டைம், இன்னொருத்திக்குத் தலைவலி. கோமதியோ, "நமக்கெதுக்குங்க பொல்லாப்பு?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது. நீங்கள் இருந்திருந்தால் தலைவலிக்காரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். நான் தனியாகத்தான் போனேன்.

"அண்ணா, சுவர் வேண்டாமுங்க. எல்லாரும் ஒரே வாசலாப் பொழங்கிட்டோமுங்க" என்றேன்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. அந்தப் பக்கத்து ஊட்டுக்கு நீங்க கடைசியா எப்பப் போனீங்க?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன் அக்கா. நீங்கள் போன பிறகு ஒரு தடவைகூட இல்லை.

ஒரே வாசல், ஒரே குழாய், எதிரும் புதிருமாகக் கதவுகள். இப்படிக் கட்டியிருந்ததால்தான் ஒட்டிக்கொண்டோம் என்று நினைத்திருந்தேன். அதே வாசல் இந்த ஒரு வருஷமும் அப்படியேதானே கிடந்தது? குழாயடியில் போனைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் பிடித்தோம். இந்த வாசலை வாசலாக வைத்திருந்தது நீங்கள் ஒரு ஆள். உங்கள் மேல் கோபம் அதனால்தான். எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுச் செய்தீர்களே, எங்களில் ஒருத்தியையாவது பழக்கிவிட்டுப் போனீர்களா?

பையை வீட்டில் போட்டுவிட்டு, பின்தெரு வழியாகச் சுற்றிப் போய் சபிதாவின் கதவைத் தட்டினேன். கதவைப் பாதி திறந்து என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, என்ன ஆச்சு? ஓனர் காலி பண்ண சொல்றாங்களா?"

"அதெல்லாம் இல்லீங் கண்ணு. சும்மா வந்தேன்."

அவள் நம்பவில்லை. கதவைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் திரும்பி வராமல் அங்கேயே நின்றேன். உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த வெட்கங்கெட்ட பிடிவாதம் ஒன்றுதான் அக்கா. நாளைக்கும் போய்த் தட்டுவேன். என்னைப் பார்த்து அவள் பயப்படுவதை விடும் வரைக்கும் தட்டுவேன்.